தூற்று மெஷின்

முகாம்
10-11-1963

மரியாதைக்குரிய அண்ணன் சோலைமலை அவர்களுக்குத் தம்பி முனியசாமி வணக்கத்துடன் எழுதுவது. குளிரைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அய்யாவின் இருமல், மதினியின் கால்வலி, ராமுத்தாய் சரியாகச் சாப்பிடுகிறாளா என்பது, எல்லாவற்றையும் விவரமாக எழுதவும்.

நாங்கள் இருக்கும் இடத்தின் பெயரை எழுதக் கூடாது. இங்கிருந்து போகும் தபாலைத் தமிழ் தெரிந்த ஹவில்தார் ஒருவர் பிரித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். மலைமேல் ஒரு ரோடு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். எல்லையில் நிற்கும் பட்டாளத்துக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் இந்த ஒரு வழியாகத்தான் போகின்றன. அதைப் பனி அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.

பெரிய வண்டி திரும்ப முடியாத வளைவுகளுக்காக ஒரு சின்ன டிராக்டர் கொடுத்திருக்கிறார்கள். நம் மயிலைக்காளை உயரம்தான். அதன் முன்னால் மாட்டுவதற்கு இரண்டு சாமான்கள் வந்திருக்கின்றன. ஒன்று இரும்புப் பலகை. பனியை ஓரத்துக்குத் தள்ளும். இன்னொன்று பெட்டி மாதிரி இருக்கிறது. அதன் வாயில் திருகு போன்ற தகடுகள் சுற்றும். பனியைக் கடித்து உள்ளே இழுத்து, மேலே உள்ள குழாய் வழியாக முப்பது அடிக்கு அப்பால் வீசும். சித்தப்பா மகன் தனுஷ்கோடி அதைப் பார்த்ததும், "அண்ணே, நம்ம களத்துல கம்பு தூத்துற மாதிரியில்ல இருக்கு" என்றான். இப்போது இந்திக்காரர்கள்கூட அதைத் தூத்து மெஷின் என்றுதான் சொல்கிறார்கள்.

கேப்டன் என்னைக் கூப்பிட்டு, "இரண்டையும் இந்தப் பனிக்காலம் முழுக்க ஓட்டிப் பார். எது நல்லது என்று நீ சொல்வதை வைத்துத்தான் இன்னும் எட்டு டிராக்டருக்கு வாங்கப் போகிறோம்" என்றார். நான் ஓட்டுகிறேன். தனுஷ்கோடி முன்னால் நின்று அடைப்பு எடுக்கிறான். ராத்திரி படுப்பதும் என் பக்கத்தில்தான்.

போன வாரம் பனிக்குள் ஒரு கோவேறு கழுதை செத்துப் புதைந்து கிடந்திருக்கிறது. தெரியாமல் தூற்று மெஷினை அதன்மேல் ஏற்றிவிட்டேன். வெள்ளையாக வந்துகொண்டிருந்தது திடீரென்று சிவப்பாக வந்தது. எலும்பும் சேணத்தின் தோலும் பாறைமேல் போய் ஒட்டின. 

கிணற்றுத் தகராறு அடங்கியதா? சித்தப்பாவோடு வாய் வார்த்தைக்குப் போகாமல் அய்யா சொல்வதைக் கேட்டு நடக்கவும்.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி
முனியசாமி

*

கரிசல்குளம்
வெம்பக்கோட்டை வழி
28-11-1963

தம்பி முனியசாமிக்கு அண்ணன் ஆசீர்வாதம். வீட்டில் எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

தகராறு அடங்கியதா என்று கேட்டிருந்தாய். கிணறு அய்யாவும் சித்தப்பாவும் சேர்ந்து வெட்டியது. முறை ஆளுக்கு மூன்று நாள். நம் முறை நாளில் பத்திரகாளி வாய்க்காலில் கல்லைப் போட்டு அடைத்துவிட்டார். அவரைச் சித்தப்பா என்று எழுத இனி எனக்குக் கை வராது. நம் மிளகாய்ச் செடி மூன்று குறுக்க நிலத்திலும் தலை தொங்கிவிட்டது. நான் போய்க் கல்லை எடுத்தேன். மறுநாள் நம் வைக்கோல் படப்பு எரிந்தது. அதற்கடுத்த நாள் அவருடைய உழவு மாட்டில் ஒன்று பின்னங்கால் நரம்பு அறுந்து கிடந்தது. யார் செய்தது என்று நீ கேட்க வேண்டாம்.

அய்யாதான் குறுக்கே வந்து குறுக்கே வந்து நிற்கிறார். "அவன் எங்கூடப் பொறந்தவம்லே. தண்ணிக்காக ரத்தம் சிந்தணுமா" என்கிறார். வயசு அவரை அப்படிப் பேச வைக்கிறது.

உன் மெஷின் விவரம் படித்தேன். பலகை எதற்கு? ஓரமாகத் தள்ளி வைத்தால் தள்ளினது திரும்ப வந்து விழும். இருந்த இடம் தெரியாமல் வீசிவிட வேண்டும். தூற்று மெஷினே நல்லது என்று எழுதிக் கொடு. அந்தப் பயல் தனுஷ்கோடியோடு ஒரே தட்டில் சாப்பிடாதே.

சிவகாசியில் புது வருஷக் காலண்டர் வந்துவிட்டது. ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்
சோலைமலை

*

முகாம்
20-12-1963

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். தங்கள் கடிதமும் காலண்டரும் கிடைத்தன. நான் சௌக்கியம். அங்கே எல்லோர் சௌக்கியத்துக்கும் பதில் போடவும்.

மாட்டின் காலை அறுத்த விஷயம் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. தனுஷ்கோடிக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவனுக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவான். சித்தி ஆவுடைத்தாய் யாரையாவது வைத்து எழுதி அனுப்புவதை நான்தான் அவனுக்கு வாசித்துக் காட்டுகிறேன். மாடு விஷயம் சித்தி கடிதத்திலும் இருந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டு வாசித்தேன். அந்த மாடு அவன் கன்றுக்குட்டியிலிருந்து வளர்த்தது.

இந்த மாதம் பலகையை மாட்டி ஓட்டினோம். வேலை லேசு. ஆபத்து இல்லை. ஆனால் நீங்கள் எழுதிய மாதிரிதான் ஆகிறது. தள்ளிய பனி ஓரத்தில் சுவராக ஏறி இறுகிப் பாறை மாதிரி ஆகிவிடுகிறது. பதினெட்டு அடி ரோடு பன்னிரண்டு அடியாகிவிட்டது. நேற்று ஒரு லாரி உரசிக்கொண்டு பாதாளத்துப் பக்கம் ஒரு சக்கரம் இறங்கி நின்றது.

தூற்று மெஷின் ரோட்டைச் சுத்தமாக எடுக்கிறது. ஆனால் ஈரப்பனி குழாயில் அடைத்துக்கொள்ளும். தனுஷ்கோடி குச்சியால் குத்தி எடுப்பான். அப்போது தகடு சுற்றாமல் இருக்க நான் லீவரை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். என்ஜினையே நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும் என்பது சட்டம். நிறுத்தினால் இந்தக் குளிரில் மறுபடி பிடிக்காது. எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் அரை மணி நேரம் நெருப்பு வைக்க வேண்டும். அதனால் யாரும் நிறுத்துவதில்லை.

மே மாதம் லீவில் வருகிறேன். அதுவரை கிணறு அவர்களுக்கே இருக்கட்டும் அண்ணே.

முனியசாமி

*

கரிசல்குளம்
27-12-1963

அன்புள்ள கணவர் அவர்களுக்கு ராமுத்தாய் நமஸ்காரம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கத் தினமும் மாரியம்மனிடம் கேட்கிறேன்.

மாமாவுக்கு உடம்பு சரியில்லை. விருதுநகர் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம். பேச்சு இருக்கிறது. உங்கள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொன்னதால் இதை எழுதுகிறேன். மற்றதை அவரே எழுதுவார்.

என் கையெழுத்து ஆடுவதற்கு நீங்கள் ஒன்றும் நினைக்க வேண்டாம். பேனா சரியில்லை.

ராமுத்தாய்

*

கரிசல்குளம்
3-1-1964

தம்பி முனியசாமிக்கு,

சுகத்தை விசாரித்து எழுதும் கடிதம் இல்லை இது. அய்யா போய்விட்டார். முந்தாநாள் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. அடக்கமும் முடிந்துவிட்டது. தந்தி கொடுத்தாலும் அங்கிருந்து நீ வந்து சேர்ந்திருக்க முடியாது.

நடந்ததை நேராகச் சொல்கிறேன். மார்கழி எட்டாம் தேதி காலையில் அய்யாவும் நானும் வாய்க்கால் திறக்கப் போனோம். பத்திரகாளி அங்கே நின்றார். வாய்த் தகராறு முற்றியது. அரிவாளை எடுத்து அய்யாவின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரே வெட்டு. எலும்பு தெரிந்தது. மிளகாய்ப் பாத்தியில் தண்ணீருக்குப் பதில் அய்யாவின் ரத்தம் பாய்ந்தது. நான்தான் வேட்டியைக் கிழித்துக் கட்டி வண்டியில் போட்டுக் கொண்டுபோனேன். ஒன்பது நாள் கிடந்தார். போலீஸ்காரர்கள் வந்து கேட்டபோது, "எந் தம்பிதான் வெட்டுனான்" என்று தம் வாயாலேயே சொல்லிவிட்டுத்தான் செத்தார். பத்திரகாளி இப்போது ரிமாண்டில் இருக்கிறார். ஆனால் வக்கீல் வைத்து வெளியே வந்துவிடுவார் என்று ஊரில் பேசுகிறார்கள்.

அவர் ஜெயிலுக்குள் இருக்கிறார். என் கைக்கு எட்டவில்லை. அவருக்கு இருப்பது ஒரே மகன். அவன் எங்கே இருக்கிறான், யார் பக்கத்தில் படுத்திருக்கிறான், எந்த மெஷினுக்கு முன்னால் நிற்கிறான் என்பதெல்லாம் நீயே எழுதியிருக்கிறாய். இதற்கு மேல் நான் என்ன எழுத.

நீ அய்யாவுக்குப் பிறந்தவன்தானா என்று ஊரார் கேட்காமல் பார்த்துக்கொள்.

சோலைமலை

*

கரிசல்குளம்
4-1-1964

செல்ல மகன் தனுஷ்கோடிக்கு அம்மா ஆவுடைத்தாய் எழுதச் சொன்னது. எழுதித் தருகிறவர் பள்ளிக்கூட வாத்தியார். நீ சுகமாக இருக்க வேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன்.

முனியசாமி, இந்தக் கடிதம் என் மகன் பேருக்கு. ஆனால் பிரித்து வாசிக்கிறவன் நீதான் என்று எனக்குத் தெரியும். அதனால் உன்னிடமே பேசுகிறேன்.

உன் அய்யா செத்துவிட்டார். உன் சித்தப்பாவை விலங்கு போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். நான் வெட்டவில்லை என்று அவர் என் தாலியைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அன்று காலை வயலுக்குப் போகும்போது அவர் கையில் மண்வெட்டி மட்டும்தான் இருந்தது. நீ நம்ப மாட்டாய். நம்ப வேண்டாம். செத்தது உன்னைப் பெற்றவர்.

உனக்கு ஏழு வயசில் பெரியம்மை வந்தது. உன் அம்மா அப்போது உயிரோடு இல்லை. இருபத்தொரு நாள் வேப்பிலையோடு உன் பக்கத்தில் படுத்திருந்தவள் நான். அதற்குக் கூலி கேட்கிறேன் என்று வைத்துக்கொள். என் மகனை விட்டுவிடு. அவனுக்கு இதில் சம்பந்தம் இல்லை. அங்கே அவனுக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை. எனக்கும் இன்றைக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை.

இதை அவனுக்கு வாசித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

ஆவுடைத்தாய்

*

முகாம்
11-2-1964

அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் சித்தி கடிதமும் ஜனவரி பன்னிரண்டாம் தேதி ஒரே பையில் வந்தன. அதற்குப் பிறகு ரோடு முழுவதும் அடைத்துவிட்டது. தபால் வரவும் இல்லை, போகவும் இல்லை. அதனால்தான் பதில் இல்லை.

நேற்று முன்தினம் தனுஷ்கோடிக்கு அடிபட்டுவிட்டது. தூற்று மெஷினில் வலது கை போய்விட்டது. முழங்கைக்கு மேலே. விபத்து என்று கேப்டன் எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன்.

அய்யாவின் படம் ஒன்று இருந்தால் அனுப்பவும்.

முனியசாமி

*

கரிசல்குளம்
26-2-1964

என் தம்பி முனியசாமிக்கு அண்ணன் கோடி ஆசீர்வாதம். நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே விஸ்வநத்தம் போய்ச் சரவெடி வாங்கி வந்தேன். பத்திரகாளி வீட்டுக்கு எதிரில் தெரு நீளத்துக்குப் போட்டுக் கொளுத்தினேன். கல்யாண வீடு மாதிரி காகிதம் குவிந்தது. ஊரார் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். தம்பி பட்டாளத்தில் நல்ல பேர் எடுத்திருக்கிறான் என்று சொல்லி ஆளுக்கொரு கை சீனி கொடுத்தேன்.

பட்டாளத்திலிருந்து தபால் வந்ததும் ஆவுடைத்தாய் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்து நம் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "எம் பிள்ளை கையத் தின்னவங்க வீடு வெளங்காது" என்றாள். மண்வெட்டிக் காம்பை எடுத்து முதுகில் இரண்டு போட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. கடைசியில் ராமுத்தாய் போய்த் தூக்கினாள். அவளை அப்புறம் கவனித்துக்கொண்டேன்.

அவள் போக்கே சரியில்லை. பொங்கலுக்குச் சிவகாசியில் அக்காள் வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீ நாலு வார்த்தை கண்டித்து எழுது.

அய்யாவின் படம் இல்லை. எடுக்கவே இல்லை.

அண்ணன்
சோலைமலை

*

சிவகாசி
18-1-1964

(உறையின் மேல்: பாதை அடைப்பு. வந்து சேர்ந்த தேதி 6-3-1964.)

அன்புள்ள கணவர் அவர்களுக்கு ராமுத்தாய் எழுதுவது. இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும். அக்காள் வீட்டுக்கு வந்த இடத்தில், அவள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

மாமாவை வெட்டியது சின்ன மாமனார் இல்லை. உங்கள் அண்ணன்.

அன்றைக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வரப்பில் நான் வரும்போதே சத்தம் கேட்டது. சின்ன மாமனார் கையில் மண்வெட்டி இருந்தது. அதைத் தரையில் ஊன்றிக்கொண்டுதான் பேசினார். உங்கள் அண்ணன் இடுப்பிலிருந்து அரிவாளை உருவி அவர் கழுத்துக்கு வீசினார். மாமா, "ஏலே, வேண்டாம்லே" என்று தம்பியைக் கட்டிப் பிடித்து மறைத்துக்கொண்டார். வெட்டு மாமா மேல் விழுந்தது. ரத்தம் என் கஞ்சிச் சட்டிவரை அடித்தது. சின்ன மாமனார்தான் மாமாவை மடியில் போட்டுக்கொண்டு துண்டை வைத்து அமுக்கினார். அவர் மேலெல்லாம் ரத்தம் ஆனது அப்படித்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உங்கள் அண்ணன் என்னிடம், "வாயைத் தொறந்தே, உன்னையும் அந்தக் கெணத்துலயே எறக்கிருவேன்" என்றார். போலீஸ்காரர்கள் கேட்டபோது மாமா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பி வெட்டினான் என்று சொன்னார். மகனைக் காப்பாற்றத் தம்பியைக் கொடுத்துவிட்டார். அவர்கள் போன பிறகு, "தப்புப் பண்ணிட்டேன் தாயி" என்று என்னிடம் சொன்னார். அப்புறம் பேச்சே இல்லை.

உங்கள் அண்ணன் உங்களுக்கு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. எழுதும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதனால் பயந்து எழுதுகிறேன். தனுஷ்கோடியைத் தொட்டுவிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

ராமுத்தாய்

*

முகாம், காவல் அறை
24-3-1964

சோலைமலைக்கு முனியசாமி எழுதுவது.

சுகம் விசாரிக்கவில்லை. உன்னை 'நீங்கள்' என்று எழுதவும் எனக்கு இனி முடியாது.

ராமுத்தாய் பொங்கலுக்கு எழுதிய கடிதம் மார்ச் ஆறாம் தேதி என் கைக்கு வந்தது. பனிக்குக் கீழ்ப்புறத்தில் தபால் பை நாற்பது நாள் கிடந்திருக்கிறது. அந்தப் பனியை எடுக்கும் வேலை என்னுடையது. ஒழுங்காக எடுத்திருந்தால் கடிதம் முன்னாலேயே வந்திருக்கும். நான் எடுக்கவில்லை. ஜனவரி முழுக்க வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி நடந்ததை உனக்குச் சொல்கிறேன். நீ சீனி கொடுத்தாய் அல்லவா, எதற்குக் கொடுத்தாய் என்று தெரிந்துகொள்.

மூன்றாவது வளைவில் குழாய் அடைத்துக்கொண்டது. தனுஷ்கோடி இறங்கிப் போய்க் குத்தினான். குச்சி ஒடிந்துவிட்டது. "அண்ணே, லீவரைக் கெட்டியாப் பிடிங்க. கையை விட்டே எடுத்துர்றேன்" என்றான். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் குனிந்தான். அய்யா செத்தது அவனுக்கு அன்றுவரை தெரியாது. சித்தி கடிதத்தை அவனுக்கு நான் வாசிக்கவில்லை. எல்லோரும் சுகம் என்று எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதமாக அவன் பக்கத்தில் படுத்து, அவன் பிசைந்து கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டு, இந்த ஒரு நிமிஷத்துக்காகக் காத்திருந்தேன்.

லீவரைத் தள்ளினேன்.

வழுக்கவில்லை. உறையவில்லை. நான் தள்ளினேன். முதலில் கோட்டுக் கையைப் பிடித்தது. அவன் தோள்வரை பெட்டியோடு போய் ஒட்டினான். அலறவில்லை. "அண்ணே" என்று ஒரு தடவை கூப்பிட்டான். உடனே இழுத்துவிட்டேன். அதற்குள் குழாய் வழியாக வெளியே வந்துவிட்டது. அடைப்பும் எடுபட்டுவிட்டது. பனிமேல் அது விழுந்து கிடந்த தூரத்தைக் கேப்டன் பிறகு அளந்தார். இருபத்தாறு அடி.

என் பெல்ட்டால் இறுகக் கட்டி, முதுகில் போட்டுக்கொண்டு முகாமுக்கு ஓடினேன். என் கழுத்தெல்லாம் அவன் ரத்தம் சூடாக ஓடி உடனே உறைந்தது. வழியில் அவன் என் காதுக்குள் சொன்னான்: "லீவர் வழுக்கிருச்சு போலண்ணே. விசாரணையில நான் சொல்லிர்றேன். உங்களுக்கு ஒண்ணும் வராது." சொன்ன மாதிரியே சொன்னான்.

கேப்டன் அவன் சொன்னதை நம்பினார். தூற்று மெஷின் ஆபத்தான மெஷின் என்று எழுதி, சீல் வைத்து ஓரமாகப் போட்டார். எட்டு டிராக்டருக்கும் பலகையே போதும் என்று முடிவானது. என்னையும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதற்குப் பிறகு பலகை மட்டும்தான் ஓடியது. சுவர் ஏறிக்கொண்டே வந்து ரோடு ஒன்பது அடியாகிவிட்டது. மார்ச் பதினான்காம் தேதி அரிசி லாரி ஒன்று சுவரில் மோதிப் பாதாளத்தில் விழுந்தது. மூன்று பேர். கயிறு கட்டி இறங்கி எடுத்தவர்களில் நானும் ஒருவன். ஒருவனுடைய தலையைத் தனியாகத்தான் கொண்டுவர முடிந்தது. அவன் பையில் வீட்டுக்கு எழுதி முடிக்காத கடிதம் இருந்தது.

அன்று சாயங்காலம் கேப்டன் முன்னால் போய் நின்றேன். "மெஷின் மேல் தப்பு இல்லை. நான்தான் தள்ளினேன்" என்றேன். அவர் என் கையெழுத்து இருந்த காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, "ஏன் இப்போது சொல்கிறாய்" என்று கேட்டார். "பலகை தப்பு சார். நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். அதனால் மூன்று பேர் செத்தார்கள்" என்றேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். காவலில் வைக்கச் சொல்லிவிட்டு, மெஷினைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வாங்கினார். இப்போது எட்டு டிராக்டருக்கும் தூற்று மெஷின்தான். டிரைவர் காலால் ஒரு கட்டையை மிதித்துக்கொண்டிருந்தால் மட்டும் தகடு சுற்றும்படி மாற்றி வாங்கச் சொல்லியிருக்கிறார். காலை எடுத்தால் நின்றுவிடும். அந்த யோசனை நான் எழுதிக் கொடுத்தது.

எனக்கு என்ன தண்டனை என்று இன்னும் தெரியவில்லை. எதுவானாலும் சரி.

தனுஷ்கோடிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ராமுத்தாய் எழுதியதைக் கேப்டன் நகல் எடுத்து நம் பக்கத்துப் போலீசுக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் வருவதற்குள் நீயே போய்ச் சொல். நான் சொல்லிவிட்டேன்.

முனியசாமி

*

சிவகாசி
2-6-1964

அன்புள்ள கணவர் அவர்களுக்கு ராமுத்தாய் எழுதுவது. காவலில் உங்களுக்குச் சோறு சரியாகப் போடுகிறார்களா? கம்பளி கொடுத்திருக்கிறார்களா? நான் அக்காள் வீட்டில் இருக்கிறேன். இடது கை எலும்பு கூடிவிட்டது. விரல் மடங்குகிறது. இப்போது நானும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று உங்கள் அண்ணன் அதை வாசல்படியில் நின்று வாசித்தார். வாசித்துவிட்டு உலக்கையோடு உள்ளே வந்தார். முதல் அடியைக் கையால் தடுத்தேன். கை ஒடிந்தது. இரண்டாவது அடி தலைக்கு வந்தது. உங்கள் மதினி மூக்கம்மாள் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஓடுடி, நிக்காத" என்றாள். எனக்கு விழவேண்டிய அடியை அவள் வாங்கினாள். அவள் முன்பல் நாலு போய்விட்டது. நான் ஒடிந்த கையை முந்தானையில் கட்டிக்கொண்டு வெம்பக்கோட்டை போலீஸ் ஸ்டேஷன்வரை நடந்தேன். அங்கே இருந்தவர் உங்கள் கேப்டன் அனுப்பிய தபாலைப் பிரித்து மேசைமேல் வைத்திருந்தார். கண்ணால் பார்த்ததை எல்லாம் சொன்னேன். மாமா ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னதையும் சொன்னேன்.

உங்கள் அண்ணன் நாலு நாள் ஓடைக்குள் ஒளிந்திருந்தார். பிடிக்கப் போன போலீஸ்காரர் ஒருவரின் தொடையில் வெட்டிவிட்டு, கிணற்றில் குதித்தார். தண்ணீர் முழங்கால் அளவுதான் கிடந்தது. கால் ஒடிந்த நிலையில் கயிறு கட்டித் தூக்கினார்கள். இப்போது சின்ன மாமனார் இருந்த ஜெயிலில் அவர் இருக்கிறார்.

சின்ன மாமனார் மே மாதம் வெளியே வந்தார். நேராக மாமாவைப் புதைத்த இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டாராம். ஆவுடைத்தாய் சித்தி போய்க் கூட்டி வந்தார்கள்.

போன வியாழக்கிழமை தனுஷ்கோடி இங்கே என்னைத் தேடி வந்தான். சட்டையின் வலது கை மடித்துக் குத்தியிருந்தது. சைக்கிளில் வந்திருந்தான். அக்காள் பயந்துபோய்க் கதவைச் சாத்தப் பார்த்தாள். அவன், "ஒண்ணுமில்ல மதினி, ஒரு லெட்டர் வாசிக்கணும்" என்றான். நீங்கள் அவனுக்கு எழுதியதுதான். உறை பிரிக்காமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் வாசித்துத் தர ஆள் இருந்தார்களாம். அண்ணன் எழுதியதை அந்நியர் வாசிக்க வேண்டாம் என்று இரண்டு மாதமாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தானாம். நீங்கள் காவலில் இருப்பது அவனுக்குத் தெரியும். எதற்காக என்று யாரும் அவனுக்குச் சரியாகச் சொல்லவில்லை.

எனக்கு வாசிக்க முடியவில்லை. ஒரு வரியையாவது விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் ஒன்றையும் விடாமல் வாசித்தேன். நீங்கள் லீவரைத் தள்ளிய இடம் வந்தபோது, "அதை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க" என்றான். வாசித்தேன். "நான் சிரிச்சேன்னு எழுதியிருக்காகளா" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட வெகு நேரம் எடுத்துக்கொண்டான். நான் போட்டுவிடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றான்.

போகும்போது, "அண்ணன் கேசு என்னைக்கு மதினி" என்று கேட்டான். ஜூலை பத்தாம் தேதி என்று கேப்டன் எழுதியிருப்பதைச் சொன்னேன். "அம்புட்டுத் தூரம் ரயிலுக்கு எத்தனை நாள் ஆகும்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தக்கனக் கெளம்பிருவேன். சாட்சி நான்தானே" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

எந்தப் பக்கம் சாட்சி சொல்லப் போகிறான் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் எதைச் சொன்னாலும் நீங்கள் தலையை நிமிர்த்தி நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ராமுத்தாய்